மண்ணுக்குள் கசியும் பெட்ரோல்: பொறுப்பு நிலக்காரருக்கா, குத்தகைதாரருக்கா?

பெங்களூரில் அல்சூர், ஃப்ரேசர் டவுன், பழைய மதராஸ் சாலைப் பக்கங்களில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குள் அவ்வப்போது எழும் ஒரு கேள்வி, கடந்த சில மாதங்களாகக் கூடுதலாகக் காதில் விழுகிறது. தாத்தா காலத்தில் ஒரு மூலை மனை பெட்ரோல் பங்க்குக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். வாடகை இன்றும் பழைய கணக்கில் வந்துகொண்டிருக்கும். இப்போது வாரிசுகள் நிலத்தைத் திரும்பப் பெற்று விற்கவோ, அடுக்குமாடி கட்டவோ விரும்புவார்கள். மண்ணுக்கடியில் இருக்கும் தொட்டி இத்தனை ஆண்டுகளில் கசிந்திருந்தால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்பதே கேள்வி. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்று சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தனி விதிகளை வெளியிட்டதும், "நோட்டீஸ் நிலக்காரருக்கும் வருமா?" என்ற கவலை அதனுடன் சேர்ந்துகொண்டது.

இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. கசிவால் கெட்டுப்போன கிணற்றுக்காரருக்கும் அரசுக்கும் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒரு கணக்கு. நிலக்காரரும் குத்தகைதாரரும் தங்களுக்குள் யாரிடமிருந்து யார் வசூலித்துக்கொள்ளலாம் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் "குத்தகைப் பத்திரத்தில் எல்லாப் பொறுப்பும் அவர்களுக்கே என்று எழுதியிருக்கிறோம், நமக்கு ஒன்றும் இல்லை" என்ற தவறான நிம்மதி பிறக்கிறது.

தொட்டி எங்கே ஓட்டையாகிறது

பங்க்கின் தரைக்கடியில் இருப்பவை பெரும்பாலும் கிடைமட்டமாகப் புதைக்கப்பட்ட உருளை வடிவ இரும்புத் தொட்டிகள். பத்தாயிரம், இருபதாயிரம் லிட்டர் கொள்ளளவுள்ளவை. வெளிப்புறம் மண் ஈரத்தாலும், உட்புறம் அடியில் தேங்கும் நீராலும் இரும்பு அரிக்கப்படுகிறது. உட்புற அரிப்புக்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. ஒவ்வொரு நாளும் இருப்பை அளக்க டிப் ராடு எனப்படும் அளவுக்கோலைக் குழாய் வழியாக உள்ளே இறக்குவார்கள். அது ஆண்டுக்கணக்கில் தொட்டியின் அடித்தகட்டில் ஒரே புள்ளியில் மோதுகிறது. அந்த இடத்தில் கூடுதல் தகடு ஒன்றைப் பற்றவைப்பது அதற்காகத்தான். அந்தத் தகடு இல்லாத பழைய தொட்டிகளில் அளவுக்கோல் விழும் இடத்தின் நேர் கீழேதான் முதலில் துளை விழ வாய்ப்பு அதிகம்.

தொட்டியைவிடக் குழாய் இணைப்புகள்தான் அதிகம் கசிபவை. மேலிருக்கும் இயந்திரம் எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் பழைய அமைப்பில், குழாயில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் காற்று உள்ளே புகுந்து பம்பு திணறும். ஊழியருக்கு உடனே தெரிந்துவிடும். தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பம்பு எண்ணெயை அழுத்தி மேலே தள்ளும் அமைப்பில், அதே விரிசல் வழியாக எண்ணெய் மண்ணுக்குள் பீய்ச்சப்படும். மேலே விற்பனை வழக்கம்போல நடந்துகொண்டிருக்கும்.

சிறு கசிவு இருப்புக் கணக்கிலும் சிக்காது. பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியவோ சுருங்கவோ செய்யும். வெயிலில் வந்த 12,000 லிட்டர் சரக்கு தொட்டிக்குள் 10 டிகிரி குளிர்ந்தால் 120 லிட்டர் அளவுக்குக் 'குறைந்தது' போலத் தோன்றும். நாளொன்றுக்கு 4 லிட்டர் கசிவு இந்த ஏற்ற இறக்கத்துக்குள் எளிதாக மறைந்துவிடும். ஓராண்டில் அது 1,460 லிட்டர்.

அந்த அளவு எதைக் கெடுக்கும் என்பதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். இப்போதைய பாரத் ஸ்டேஜ் 6 தரப் பெட்ரோலில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருளான பென்சீன் கொள்ளளவில் 1 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு லிட்டரில் 10 மில்லி லிட்டர். எடையில் ஏறத்தாழ 8.8 கிராம். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்த 8.8 கிராமை இந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 8.8 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் எழுபத்து மூன்று. கசிந்த பென்சீன் முழுவதும் நீரில் கரைந்துவிடாது, ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் தின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. அந்த நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்றுவிட்டுத்தான் பென்சீனிடம் வருகின்றன என்பதால் பென்சீன் மண்ணில் கூடுதல் தூரம் பரவ இடமுண்டு.

பெங்களூரின் நில அமைப்பும் இதற்கு உதவுவதில்லை. லால்பாக் பாறையில் வெளியே தெரியும் அதே பழங்காலக் கருங்கல் வகைதான் நகரின் பெரும்பகுதிக்கு அடியில் இருக்கிறது. மேலே சிதைந்த பாறை மண், கீழே விரிசல்கள் ஓடும் கெட்டிப் பாறை. எண்ணெய் நீரைவிட இலேசானது. எனவே நிலத்தடி நீரின் மேல் மிதந்தபடி பரவும். போர்வெல்லின் மேற்பகுதியில் இறக்கும் காப்புக் குழாய் பாறையோடு சரியாகப் பொருந்தாவிட்டால், அந்த இடைவெளியே எண்ணெய் ஆழத்துக்கு இறங்கும் வழியாகிவிடும். விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது மேலிருந்து தெரியாது. பக்கத்து வீட்டு போரில் நாற்றம் இல்லாமல், மூன்றாவது வீட்டு போரில் வருவது இதனால்தான். சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013-இல் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்தபோதும், முதலில் அறிந்தவர்கள் தங்கள் தண்ணீரில் எண்ணெயைக் கண்ட குடியிருப்பாளர்களே.

பங்க்கில் இருப்பவர்கள் மூவர்

நிலக்காரர், குத்தகைதாரர் என்று இருவரை மட்டும் வைத்துப் பேசினால் கணக்குத் தவறும். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் வழக்கமான அமைப்பில் மூன்று கைகள் உண்டு.

1. நிலக்காரர். நிலத்தை எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டவர். வாடகை வாங்குவதைத் தவிர அன்றாடம் அவருக்கு அங்கு வேலை இல்லை.

2. எண்ணெய் நிறுவனம். குத்தகைதாரர் இதுவே. தொட்டியும் பம்புகளும் பொதுவாக இதன் உடைமை. பெட்ரோலிய விதிகள், 2002-இன்கீழ் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ வழங்கும் உரிமமும் வழக்கமாக இதன் பெயரில்தான் இருக்கும்.

3. டீலர். நிறுவனத்தின் அனுமதியின் பேரில் விற்பனை நடத்துபவர். காலையில் அளவுக்கோலை இறக்குபவரும், நீர் இருக்கிறதா என்று அதன் நுனியில் பசை தடவிப் பார்ப்பவரும், இருப்புப் பதிவேட்டை எழுதுபவரும் இவருடைய ஆட்கள்.

கசிவை முதலில் அறிய வாய்ப்புள்ளவர் டீலர். தடுக்கும் அதிகாரம் உள்ளது நிறுவனத்துக்கு. இழப்பு கடைசியில் தங்குவது நிலத்தில். அறிவும் அதிகாரமும் இழப்பும் இப்படி மூன்று கைகளில் பிரிந்து கிடப்பதே இந்தச் சிக்கலின் வேர் என்பது என் கருத்து. டீலரே நிலத்தையும் கொண்டுவரும் வகைப் பங்க்குகளில் முதலாமவரும் மூன்றாமவரும் ஒருவராகிவிடுவார். அங்கே "எனக்கு எதுவும் தெரியாது" என்று நிலக்காரர் சொல்ல முடியாது.

பழைய குத்தகைகளுக்கு ஒரு வரலாற்றுச் சுமையும் உண்டு. எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகியவற்றின் இந்தியத் தொழில்கள் 1974, 1976, 1977-ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசின் வசமாகி, இன்றைய இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் நிறுவனங்களுக்குள் வந்தன. பர்மா ஷெல் சட்டம், நடப்பிலிருந்த குத்தகையை அதே நிபந்தனைகளுடன் புதுப்பிக்கக் கோரும் உரிமையையும் மத்திய அரசுக்கு அளித்தது. ஆகவே, மண் மாசு என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட நான்கு பக்கப் பத்திரம், அப்படியே இன்னொரு சுற்றுக்கும் ஆளும் நிலை ஏற்பட்டது. அத்தகைய பத்திரத்தில் கசிவைப் பற்றி ஒரு வரியையும் எதிர்பார்க்க முடியாது.

முதல் கணக்கு: வெளியாருக்கும் அரசுக்கும்

இந்தக் கணக்கில் பத்திரத்துக்கு மதிப்பில்லை. பத்திரத்தில் கையெழுத்திடாத கிணற்றுக்காரரை அது கட்டுப்படுத்தாது. சட்டம் இங்கே யார் ஆபத்தான தொழிலை நடத்தினார், யார் கட்டுப்பாட்டில் பொருள் இருந்தது என்று பார்க்கிறது.

டெல்லியில் 1985-இல் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழிலை நடத்தும் நிறுவனம் தான் எவ்வளவு கவனமாக இருந்ததாகச் சொன்னாலும் தீங்குக்கு முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டுடன் கெட்ட சூழலைச் சீராக்கும் செலவும் அதில் அடங்கும் என்றும் கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010 அந்தக் கொள்கையைத் தன் 20-ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குத் தரும் பொருளையும் கவனிக்க வேண்டும்: அபாயப் பொருளுக்கு உடைமையாளராகவோ, அதைக் கையாளும் கட்டுப்பாடு உடையவராகவோ இருப்பவரே அச்சட்டப்படி உரிமையாளர். நிலப் பட்டாவை அது கேட்கவில்லை.

இதுவரை பார்த்தால் நிலக்காரர் தப்பிவிட்டதாகத் தோன்றும். ஆனால் மூன்று வாசல்கள் அவருக்காகவும் திறந்திருக்கின்றன.

1. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974-இன் 24-ஆம் பிரிவு, நச்சுப் பொருளை நீரிலோ, கிணற்றிலோ, நிலத்திலோ சேர்ப்பவரை மட்டும் குறிக்கவில்லை. தெரிந்தே அதை அனுமதிப்பவரையும் குறிக்கிறது. நீரோடை என்ற சொல்லுக்குள் நிலத்தடி நீரும் அடங்கும் என்று அச்சட்டமே விளக்குகிறது. பக்கத்து வீட்டாரின் புகார்க் கடிதம் கைக்கு வந்த பிறகும் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவர், 'தெரிந்தே' என்ற சொல்லிலிருந்து விலகுவது கடினம்.

2. பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவு. அந்த உத்தரவைத் தொல்லையை உண்டாக்கியவருக்கு மட்டுமன்றி, கட்டடத்தையோ பொருளையோ உடைமையாக, அனுபவத்தில் அல்லது கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கும் பிறப்பிக்கலாம்.

3. உரிமையியல் சட்டத்தில், குத்தகைதாரர் செய்யும் தொல்லைக்கு நிலக்காரர் பொதுவாகப் பொறுப்பல்ல. ஆனால் குத்தகைக்கு விடும்போதே அந்தக் கேடு இருந்து, அது அவருக்குத் தெரிந்திருந்தால் நிலைமை மாறும். ஒரு நிறுவனம் காலி செய்த பங்க்கை, அதே பழைய தொட்டியுடன் இன்னொருவருக்கு விடுபவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

இரண்டாம் கணக்கு: இருவருக்குள்

இங்கே பத்திரமே அரசன். பத்திரம் வாய் திறக்காத இடத்தில் மட்டும் சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 108-ஆம் பிரிவு பேசும். அதன் உட்பிரிவுகளில் நான்கு இந்த விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துகின்றன.

'ஏ' உட்பிரிவின்படி, சாதாரணக் கவனத்தால் குத்தகைதாரர் கண்டறிய முடியாத முக்கியக் குறை தனக்குத் தெரிந்திருந்தால், நிலக்காரர் அதைச் சொல்லியாக வேண்டும். புதைந்து கிடக்கும் பழைய தொட்டி இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம். 'ஓ' உட்பிரிவு, நிலத்துக்கு நிரந்தரக் கேடு விளைவிக்கும் செயலைக் குத்தகைதாரர் செய்யக் கூடாது என்கிறது.

'எம்' உட்பிரிவுதான் அதிகம் பயன்படக்கூடியது. நிலத்தைப் பெற்றபோது இருந்த நிலையிலேயே குத்தகைதாரர் திருப்பித் தர வேண்டும். நியாயமான தேய்மானமும், தடுக்க முடியாத சக்தியால் நேர்ந்த மாற்றமும் மட்டுமே விலக்கு. நியாயமான நேரத்தில் உள்ளே வந்து பார்வையிடும் உரிமை நிலக்காரருக்கு உண்டு. குத்தகைதாரரின் தவறால் நேர்ந்த குறையைச் சுட்டி அறிவிப்பு அனுப்பினால் மூன்று மாதத்துக்குள் அவர் சரிசெய்ய வேண்டும். முப்பது ஆண்டு மண்ணுக்குள் கிடந்த தொட்டி துருப்பிடிப்பது தேய்மானமாக இருக்கலாம்; அது குத்தகைதாரரின் தொட்டிக்கு நேர்ந்த தேய்மானம். நிலக்காரரின் மண் பெட்ரோலில் ஊறியதை அந்த விலக்குக்குள் அடக்க முடியாது என்றே நான் இந்த உட்பிரிவைப் படிக்கிறேன்.

'எச்' உட்பிரிவு, தான் நிலத்தில் பொருத்தியவற்றைக் குத்தகைதாரர் எடுத்துச் செல்லலாம் என்கிறது. ஆனால் நிலம் தன் அனுபவத்தில் இருக்கும்வரை மட்டுமே. சாவியைக் கொடுத்த பிறகு அந்த உரிமை முடிகிறது. விட்டுச் சென்ற தொட்டி நிலத்தோடு நிலமாக நிலக்காரரிடம் தங்கிவிடும். பழைய இரும்புக்கு ஏதோ கிடைக்கும் என்று சும்மா இருந்துவிடுபவர், தானறியாமல் ஒரு கசியும் தொட்டிக்குச் சொந்தக்காரராகிறார். அமெரிக்காவில் நிலத்தடித் தொட்டிகளுக்கென 1984-இல் வந்த சட்டமும் தொட்டியின் உரிமையாளரையும் அன்றாடம் இயக்குபவரையும்தான் பொறுப்பாளிகளாக்குகிறது. நிலத்தின் உரிமையாளரைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. எனவே அங்கும் கைவிடப்பட்ட தொட்டி யாருடையது என்பதே பெரிய வழக்காகிறது. வேறுபாடு என்னவென்றால், அங்கே பங்க் நடத்துபவர் ஒரு கசிவுக்கு 10 லட்சம் டாலர் வரை ஈடுகட்டும் வசதியை முன்கூட்டியே காட்ட வேண்டும். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகளைக் கண்ட பிறகு அந்நாட்டின் முறை கெட்டிப்பட்டிருக்கிறது. இந்தியாவில் தொட்டிக் கசிவுக்கென்று தனியே அத்தகைய நிதி ஏற்பாடு இல்லை.

பத்திரத்தில் ஈட்டுறுதி, அதாவது நேரும் இழப்பை ஈடுசெய்வதாக வாக்குறுதி, எழுதியிருந்தால்? அது வெளியாருக்குக் கட்டிய பணத்தை மறுபக்கத்தாரிடம் கேட்கும் உரிமை மட்டுமே; கட்டாமல் இருக்கும் உரிமை அல்ல. எழுதிக்கொடுத்தவர் கையில் பணம் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. பொதுத்துறை நிறுவனம் எழுதிக்கொடுத்ததும், மூன்று ஆண்டில் கடையை மூடிவிடக்கூடிய தனிநபர் எழுதிக்கொடுத்ததும் ஒன்றாகா. வழக்கமான தீ விபத்துக் காப்பீட்டையும் நம்ப முடியாது. மாசு என்பது அதில் பொதுவாக விலக்கப்பட்ட இழப்பு.

தொட்டியே நிலக்காரருடையதாக இருந்தால்

பங்க்கைவிடப் பெங்களூரில் அதிகம் கவனிக்கப்படாதது ஜெனரேட்டருக்கான டீசல் தொட்டி. வணிக வளாகங்கள், மருத்துவமனைகள், பெரிய அடுக்குமாடிகளில் இவை உண்டு. எளிதில் தீப்பற்றும் தன்மையை வைத்துப் பெட்ரோலியச் சட்டம் பிரிக்கும் வகுப்புகளில் டீசல் 'பி' வகுப்பு. ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எந்தக் கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. சந்தையில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் தொட்டிகள் பலவற்றின் மேல் '990 லிட்டர்' என்று எழுதியிருப்பதன் இரகசியம் இதுதான். உரிமம் வேண்டாம் என்பதால் பொறுப்பும் வேண்டாம் என்று ஆகிவிடாது. தண்ணீர்ச் சட்டமோ பசுமைத் தீர்ப்பாயமோ லிட்டர் கணக்கு பார்ப்பதில்லை.

இத்தகைய வளாகங்களில் தொட்டியைக் கட்டியவர் நிலக்காரர். பராமரிப்பவர் அவர் அமர்த்திய நிறுவனம். பராமரிப்புக் கட்டணம் கொடுப்பவர்கள் வாடகைதாரர்கள். பொறுப்பின் திசை இங்கே தலைகீழாகும். கட்டணம் கட்டுவதாலேயே வாடகைதாரருக்குக் கட்டுப்பாடு வந்துவிடாது. ஆனால் தரைத்தளம் முழுவதையும் எடுத்த ஒரு வாடகைதாரர் தனக்கென்று தனித் தொட்டி புதைத்துக்கொண்டால், அவர் வரையில் பங்க் நிறுவனத்துக்குச் சொன்னவையெல்லாம் பொருந்தும்.

2025 விதிகள் எதை மாற்றுகின்றன

புதிய விதிகளின்படி மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மாசடைந்ததாக ஐயமுள்ள இடங்களின் பட்டியலைத் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ நியமிக்கப்பட்ட வல்லுநர் அமைப்போ 90 நாட்களில் முதற்கட்ட மதிப்பீடும், அடுத்த 90 நாட்களில் விரிவான ஆய்வும் செய்யும். மாசு உறுதியானால் பொறுப்பானவரைக் கண்டறிந்து, சீரமைப்புச் செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும். அவர் இல்லாவிட்டாலோ, செலவைத் தாங்க முடியாதவரானாலோ மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய் சிந்துதல் போன்றவை இதற்கு வெளியே. விதிகள் வந்தபோது நாடெங்கும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. சீரமைப்பு தொடங்கியிருந்தது 7 இடங்களில் மட்டுமே. எனவே மூலை மனைப் பங்க்குகள் எல்லாம் நாளைக்கே பட்டியலில் ஏறிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் 'பொறுப்பானவர் யார்' என்று அதிகாரி தேடும்போது கையில் காகிதம் இல்லாதவரே முதலில் அகப்படுவார்.

நிலத்தைத் திரும்பப் பெறும் நாள்

ஒரு கற்பனை உதாரணம். 1970-இல் விட்ட மனை 2026-இல் திரும்புகிறது. மண்ணில் பென்சீன் இருக்கிறது. "இது 1970-க்கு முன்பே இருந்த பட்டறையின் எண்ணெய்" என்கிறது குத்தகைதாரர் தரப்பு. "பக்கத்து மனைப் பங்க்கிலிருந்து வந்தது" என்பது அதன் அடுத்த வாதம். குத்தகை தொடங்கிய நாளின் மண் நிலை எங்கும் பதிவாகவில்லை. 'பெற்றபோது இருந்த நிலை' என்ன என்பதே நிரூபணமாகாவிட்டால் 'எம்' உட்பிரிவைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது. தொடக்கப் பதிவு இல்லாத பழைய குத்தகைகளில், குத்தகை நடப்பில் இருக்கும்போதே பார்வையிடும் உரிமையைப் பயன்படுத்தி மண் மாதிரி எடுப்பது அடுத்த சிறந்த வழி. இருப்புப் பதிவேடு, தொட்டிச் சோதனை அறிக்கை, தொட்டி மாற்றிய தேதி ஆகியவற்றின் நகல்களை எழுத்து மூலம் கேட்பதும் அப்போதே நடக்க வேண்டும். டீலர் மாறினால் பதிவேடுகளும் காணாமல் போகும்.

காலவரம்பும் குறுகியது. இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுக, காரணம் முதன்முதலில் எழுந்ததிலிருந்து 5 ஆண்டுகள். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள். கர்நாடக வழக்குகள் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்குப் போகும். பத்திரத்தை மீறியதற்கான உரிமையியல் வழக்குக்கு 3 ஆண்டுகள். கசிவு தொடர்ந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு நாளும் புதுக் காரணம் என்று உரிமையியல் வழக்கில் வாதிடலாம். ஆனால் தொட்டியைத் தோண்டி எடுத்த நாளோடு அந்த வாதம் வலுவிழக்கும்.

விற்பனைக்கு வரும்போது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு நிலக்காரரை விற்பவர் என்ற இடத்தில் நிறுத்துகிறது: தனக்குத் தெரிந்த மறைகுறையை வாங்குபவரிடம் அவர் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது ஒற்றைப் பக்க ஒப்படைப்புக் கடிதம். தட்டச்சு செய்து, நிலக்காரர் கையெழுத்துக்காக நீட்டப்படும் அந்தக் கடிதத்தில் "இடத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்ற வரி வழக்கமாக இருக்கும். கையெழுத்திடுமுன் அதை அடித்துவிட்டு, "மேற்பரப்பு மட்டும் பார்வையிடப்பட்டது, மண், நிலத்தடி நீர்ச் சோதனை முடிவுகளுக்கு உட்பட்டும், எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமலும் பெற்றுக்கொள்கிறோம்" என்று எழுதி, இரு தரப்பும் அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும்.